கலீனாவுக்கு நீ வைத்த பெயர்

இல்லை, குக்கர் விசில் அடிக்கவில்லை. அன்றைக்கு நான் குக்கரே ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பா காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்திருந்தார், குழம்பு இறக்கியாகிவிட்டது, அடுப்பு அணைந்து கிடந்தது. "விசில் வருது, வச்சிடறேன்" என்று நான் சொன்னது பொய். நீ இரண்டு கேள்வி கேட்டாய். வீடியோ பார்த்தியாம்மா, உனக்குச் சந்தோஷமா இல்லையா என்பது ஒன்று. அடுத்த மாதம் சுரங்கத்தில் குடும்ப நாள், ஆளுக்கு ஒருவரைக் கீழே கூட்டிப் போகலாம், உன் பெயரைக் கொடுக்கட்டுமா என்பது இன்னொன்று. ராஜஸ்தானில் தரைக்கு அடியில் வேலை பார்க்கும் மகளிடம் ராயபுரத்தில் அடுக்களையில் நிற்கும் தாய் சொல்ல வேண்டிய பதில் எது என்று எனக்குத் தெரியும். அது என்னிடம் இல்லை. அதனால் இல்லாத குக்கரை அடிக்க வைத்தேன்.

வீடியோவைப் பார்த்தேன், ஷெரின். எத்தனை முறை என்று சொல்ல மாட்டேன். முதலில் வெறும் இருட்டு. உன் மூச்சுச் சத்தம், எங்கேயோ தண்ணீர் சொட்டுவது. பிறகு நீ தலையைத் திருப்புகிறாய், உன் விளக்கு சுவரில் விழுகிறது, சுவர் எழுந்து நிற்கிறது. சாம்பல் வெள்ளி. படிப்படியாக, மூலை மூலையாக, ஒவ்வொரு முகமும் வேறு வேறு நேரத்தில் பளிச்சிட்டு அணைகிறது. "அம்மா, கண்டெய்னர்மா! சுவர் முழுக்கக் கண்டெய்னர்!" என்று கத்துகிறாய். கையுறை போட்ட உன் கை வந்து அதைத் தொடுகிறது. அந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நிறுத்தினேன். உனக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரலை அனுப்பிவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சும்மா நின்றேன்.

உன் மேல் எனக்குப் பொறாமை. எழுதினால் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். பக்கத்து வீட்டு கார் மேல் வருவது போன்றதல்ல. அது வந்து போய்விடும், இது போகவில்லை. பிள்ளை மேல் தாய்க்கு இது வரலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உன் அப்பாதான் முதலில் கண்டுபிடித்தார். சாப்பிட்டுக்கொண்டே, தட்டைவிட்டு நிமிராமல்.

"இன்னா, பொண்ணு மேல காண்டுல கீறியா?"

"இல்லியே."

"கொழம்புல உப்பே இல்ல. அதான் கேட்டேன்."

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் பாதிதான் தெரியும். எம்.எஸ்ஸி. ஜியாலஜி இரண்டாம் வருடம் எங்களை ராஜஸ்தானுக்குக் கூட்டிப் போனார்கள். ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கம். நீ இருக்கும் சுரங்கம் அல்ல, ஆனால் அதே மலைத்தொடர். இரண்டு இரவு ரயில். நான் போகும் வழியெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே போனதும் எந்தப் பக்கம் முதலில் விளக்கைத் திருப்புவது என்று யோசித்துக்கொண்டு போனேன். வாசலில் எங்கள் பேராசிரியர் திரும்பி, வகுப்பில் இருந்த இரண்டே பெண்களையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் கேன்டீன்ல உட்காருங்கம்மா. லேடீஸ் கீழ போக சட்டம் இல்ல" என்றார். பெண்களைக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்றுதான் அன்றைக்குச் சட்டம். பார்க்கப் போகக் கூடாது என்று எங்கே இருக்கிறது, சார், காட்டுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரி சார்" என்றேன். என் கூட இருந்தவள் நிம்மதியாக மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். நான் பஜ்ஜி தின்றேன். ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வைத்த பஜ்ஜி, அதன் எண்ணெய் ருசி வரை நினைவிருக்கிறது. சட்டம் மாறியபோது நீ பிளஸ் டூ. பேப்பரில் சிறிய செய்தியாக வந்தது. உன்னிடம் காட்டினேன், "சூப்பர்மா" என்று சொல்லிவிட்டு ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடப் போனாய். நான் அந்தப் பக்கத்தின் மேல் கறிவேப்பிலை உருவினேன்.

உனக்குத் தெரியாத மீதிப் பாதி இது. பையன்கள் மேலே வந்தார்கள், முகமெல்லாம் கறுப்பு, பல் மட்டும் வெள்ளை. அதில் ஒருவன் நேராக என்னிடம் வந்து கைக்குட்டையைப் பிரித்தான். உள்ளே ஒரு கல். உள்ளங்கை அளவு கலீனா, ஈயத்தின் தாது. தூக்கிப் பார்த்த உடனே கை தாழ்ந்தது, அவ்வளவு கனம். "இந்தா. உனக்கோசரம்தான் எடுத்தாந்தேன்" என்றான். நான் அவனிடம் கீழே எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"இன்னா, இருட்டா இருந்துச்சு. ஒரே தண்ணி. பேஜாருப்பா."

"சுவரு?"

"சுவரு... சுவரு மாரிதான் இருந்துச்சு."

அவனைத்தான் கட்டிக்கொண்டேன். உன் அப்பாவை நான் விரும்பியது உண்மை. அவர் கீழே போய்வந்தவர் என்பதும் அந்த விருப்பத்தில் சேர்ந்திருந்தது. அதே நாளில் அவர் மேல் எனக்குப் பொறாமையும் தொடங்கிவிட்டது. பார்க்கக் கிடைத்தவன் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்தவள் பஜ்ஜி தின்றாள். அவர் படிப்பை அப்படியே விட்டுவிட்டு பீச் ஸ்டேஷன் பக்கம் சரக்கு கிளியரிங் ஆபீஸில் சேர்ந்து, கல் என்றால் சிறுநீரகத்தில் வருவது என்ற அளவுக்கு மறந்தும் போனார். நான் மறக்கவில்லை.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று உன் தோழிகள் கேட்டால் "அம்மா கெமிஸ்ட்" என்று சொல்வாய். பரவாயில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், டிரெய்லர் லாரிகள் வரிசையில் நிற்கும் இடத்தில், முதல் மாடியில் ஒரு லேப். காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களிலிருந்து சரக்கு மாதிரிகள் வரும். தாது எங்களுக்குக் கல்லாக வருவதில்லை. சுரங்கத்திலேயே உடைத்து, அரைத்து, வேண்டியதைப் பிரித்தெடுத்து, தூளாக மூட்டை கட்டித்தான் அனுப்புவார்கள். ஈயத் தாது, துத்தநாகத் தாது, செம்புத் தாது, எல்லாமே நனைந்த சாம்பல் போலத்தான் இருக்கும். மினுக்கம் கிடையாது, மூலை கிடையாது. அந்தத் தூளைத் தரையில் கூம்பாகக் குவித்து, மேலே தட்டித் தட்டையாக்கி, நான்காகக் கீறி, எதிரெதிர் பங்கு இரண்டை ஒதுக்குவோம். மீதியை மறுபடி குவித்து, மறுபடி கீறி, மறுபடி ஒதுக்குவோம். ஒரு மலை கடைசியில் என் மேஜைக்கு ஒரு பிடியாக வரும். அந்தப் பிடி முழுச் சரக்குக்கும் சாட்சி சொல்லும் என்பது எங்கள் தொழிலின் நம்பிக்கை. நான் அதில் எவ்வளவு ஈயம் என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவேன். நீ பிறப்பதற்கு முன்னிருந்து இதுதான். தாதுவை அதன் வீட்டில் ஒரு தடவையும் பார்க்காமல் அதன் சாம்பலுக்குச் சான்றிதழ் எழுதுகிறவள்.

உனக்கு வேலை கிடைத்த செய்தி லேபுக்கு வந்த அன்று, மாதிரிகளை அரைக்கும் தனம் என் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"மேடம், பாப்பா சொரங்கத்துக்குள்ள போவுதாமே. பயமா இல்லியா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சினு கீறீங்க?"

"வெயில், தனம்."

"ஏசியில ஒக்காந்துகினு வெயிலாம். போங்க மேடம், ஸ்வீட் வாங்கியாங்க மொதல்ல."

வாங்கினேன். எல்லாருக்கும் அல்வா கொடுத்தேன். நான் தின்னவில்லை.

உனக்குப் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தது நான்தான். அதையாவது யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது என்று நினைத்திருந்தேன். பிஸ்கட் டின்னில் என் கல்லூரிக் கற்கள் இருந்தன, உன் அப்பா கொடுத்ததும் சேர்த்து. ஞாயிறு பூசை முடிந்து வந்து பால்கனியில் உட்காருவோம். எண்ணூர் ஆலைகளின் நாற்றம் வராத நாளாக இருந்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. எல்லாமே கந்தகம் கலந்த தாதுக்கள், எல்லாமே மினுங்கும், எல்லாமே வேறு வேறு. தங்கம் போல மஞ்சளாக மினுங்குவது பைரைட், இரும்பும் கந்தகமும். அதைவிட அடர்ந்த மஞ்சளில், கத்தி பட்டால் கீறல் விழுவது சால்கோபைரைட், அதில் செம்பு உண்டு. ஊதாவும் நீலமுமாக மாறிக்கொண்டே இருப்பது போர்னைட். பழுப்பாகப் பிசின் போலப் பளபளப்பது ஸ்பேலரைட், துத்தநாகம் தருவது. கனமான சாம்பல் கலீனா. நிறத்தை நம்பாதே, கோட்டைப் பார் என்று சொல்லி, பாத்ரூம் டைல் ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தருவேன். பின்பக்கம் வழவழப்பு இல்லாமல் வெள்ளையாக இருக்கும். அதில் கல்லைத் தேய்த்தால் தூளின் நிறம் கோடாக விழும். தங்கமாகத் தெரிந்த பைரைட் கறுப்பாகக் கோடு போட்டதும் நீ அடைந்த ஆத்திரம் எனக்கு மறக்காது. "ஏமாத்துதும்மா இது!" அந்த வயதில் உனக்கு ஏமாற்றுகிறவர்களை மன்னிக்கத் தெரியாது.

அதன் விளைவை பிலோமினா அத்தையின் வளையல் அனுபவித்தது. உன் புது நன்மை விருந்து, கோயிலில் நீ முதல் முறை அப்பம் வாங்கிய நாள். அத்தை, உன் அப்பாவுக்கு அக்கா, கை கழுவப் போகும்போது வளையலைக் கழற்றி வாஷ்பேசின் மேல் வைத்தார். நீ அதை எடுத்துப்போய் டைலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த மொத்தச் சொந்தத்துக்கும் கேட்கும்படி, "அம்மா, அத்தையோடது தங்கம் இல்லம்மா! மஞ்சளா கோடு வரல!" என்றாய். வெள்ளைக் கவுனும் தலையில் வலையுமாக. அத்தை உன் அப்பாவைத்தான் பிடித்தார்.

"டேய், உம் பொண்ணு இன்னாடா, அடகுக் கடை வச்சினு கீறாளா? அவ ஆத்தாக்காரி சொல்லிக் குடுத்துருக்கா பாரு நல்லா!"

அப்பா, "வுடுக்கா, கொழந்த" என்றார். நான் உன்னைக் கிள்ளினேன். ஆனால் கிள்ளும்போதே எனக்குள் ஒரு கர்வம் இருந்தது, அதை நீ முகத்தில் கண்டுகொண்டு சிரித்துவிட்டாய். அன்றிலிருந்து நீ பைரைட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "கவரிங்" என்றாய்.

பிறகு எல்லாவற்றுக்கும் உன் பெயர்கள். ஸ்பேலரைட்டைத் தேய்த்தால் லேசாக அழுகிய முட்டை வாடை வரும். நீ மூக்கைச் சுளித்து அதை "எண்ணூர்" என்றாய். போர்னைட் "டீசல்". மழைக்காலத்தில் துறைமுகச் சாலையின் தேங்கிய தண்ணீரில் மிதக்கும் நிறங்கள். கலீனாவை உடைத்தால் சிறு சிறு பெட்டிகளாகத்தான் உடையும், பெட்டியை உடைத்தால் அதற்குள்ளும் பெட்டி. அதை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார்டுல கண்டெய்னர் அடுக்கி வச்ச மாரி கீதும்மா" என்றாய். நான் திருத்தினேன். கீது இல்லை, இருக்கு. கண்டெய்னர் இல்லை, கலீனா. சொல்லு, க-லீ-னா. பெயர் சரியாக இருந்தால்தான் பொருள் உன்னுடையது என்றேன். கையைக் கழுவு, ஈயம் என்றேன்.

உலகத்தில் இந்தக் கற்களுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் உன்னைப் போலத்தான் செய்தார்கள் என்று எனக்கு அப்போது தெரியாமல் இல்லை. கலீனா என்றால் லத்தீனில் ஈயத் தாது, அவ்வளவுதான். ஸ்பேலரைட் என்றால் கிரேக்கத்தில் ஏமாற்றுவது. ஈயம் என்று நினைத்து உருக்கிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் போன யாரோ ஒருவரின் எரிச்சல் அது. பைரைட் என்றால் நெருப்பு, தட்டினால் பொறி பறப்பதால். மண்ணடிக் கடையில் கண்ணுக்கு இட சுர்மா என்று விற்கும் கறுப்புத் தூளில் பல நேரம் இருப்பது கலீனாதான். நாட்டுமருந்துக் கடையில் பைரைட்டை நிமிளை என்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் கண்ணில் பட்டதை, தன் மூக்கில் ஏறியதை, தன்னை ஏமாற்றியதைப் பெயராக வைத்தார்கள். எட்டு வயதில் நீயும் அதைத்தான் செய்தாய். நான் பட்டம் வாங்கிவிட்டு மற்றவர்கள் வைத்ததை மனப்பாடம் செய்தேன். என் பெயர் என்று ஒரு கல்லுக்கும் என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தச் சிறு வயதிலேயே உன்னிடம் இருந்தது. அதைத்தான் திருத்தினேன் போலிருக்கிறது.

இன்டர்வியூ முடிந்து நீ சொன்னதை நினைத்துப் பார். விளக்கு மங்கல், சுவர் முழுக்க எல்லாமே மினுங்குகிறது, கலீனாவை எப்படிப் பிரித்தறிவாய் என்று கேட்டார்கள். நீ பதற்றத்தில் புத்தகத்தை மறந்துபோய், "சார், கண்டெய்னர் யார்டு மாதிரி இருக்கும்" என்றாய். அடுக்கு, மூலை, வெளிச்சம் ஒவ்வொரு பெட்டியாகத் தாவுவது, எல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாயாம். எந்த ஊர் என்று கேட்டார்களாம். ராயபுரம் என்றதும் சிரித்தார்களாம். நீ அதைச் சொல்லி முடித்தபோது நானும் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குள் உளுந்தை ஊறவைக்கப் போனேன், ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது. நான் திருத்திய சொல் உனக்கு வேலை வாங்கிக் கொடுத்திருந்தது.

இதற்கு மேல் எழுதுவது கடினம். எழுதாவிட்டால் மேலே எழுதியது எல்லாம் கவரிங்.

மருத்துவப் பரிசோதனைக்கு நீ போன நாள். உன் மூச்சைப் பற்றி உன்னைவிட எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் வைத்து அனுப்பியவள் நான். காற்று மாறினால் உன் நெஞ்சு முதலில் சொல்லும், பேப்பரில் மறுநாள் வரும். வேறு ஏரியாவுக்குப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். மாதவரம் வரைக்கும் வீடு பார்த்தோம், போகவில்லை. அன்று குழாயில் ஊதிக் காட்டச் சொல்வார்கள், தேறினால்தான் கீழே விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். காலையில் உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன். நீ படியிறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தோற்றுவிடட்டும் என்று நினைத்தேன். அந்தப் பழைய இளைப்பு இந்த ஒரு தடவை வரட்டும் என்று. உன் உடம்பு மேல் உள்ள அக்கறை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கீழே தூசி, ஈரம், இழுக்கும். எல்லாம் நியாயமான காரணங்கள். தேய்த்துப் பார்த்தேன். கோடு வேறு நிறத்தில் விழுந்தது. நான் உட்கார வைக்கப்பட்ட இடத்தில் நீயும் உட்கார வேண்டும் என்பதுதான் அது. மத்தியானம் நீ போனில் "பாஸ்மா!" என்று கத்தினாய். "தெரியும் பாப்பா" என்றேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் லென்ஸ். நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, கேட்கிற மாதிரியே இல்லாமல், "அம்மா, உன் ஹேண்ட் லென்ஸ் குடேன், எடுத்துட்டுப் போறேன்" என்றாய். தொலைந்துவிட்டது என்றேன். எப்போது என்றாய். எப்பவோ என்றேன். நீ ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, பிறகு சட்டைகளை மடித்தாய். தொலையவில்லை. என் கைப்பையில், மெட்ரோ கார்டு வைக்கும் அறையில் இருக்கிறது. அன்றும் அங்கேதான் இருந்தது. ஞாபகத்துக்காக வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. தினமும் உபயோகிக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் லேப் காலியானதும், ஈயத் தாது வந்திருந்தால், அந்தத் தூளில் ஒரு சிட்டிகையைத் தாளில் தட்டி ஜன்னலருகே வைத்து லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பார்ப்பேன். எல்லாம் சாம்பல்தான். ஆனால் அரைக்கும்போது தப்பித்த மணி ஒன்றிரண்டு இருக்கும். நீ சொன்னது உண்மை. எவ்வளவு உடைத்தாலும் அது பெட்டியாகத்தான் இருக்கிறது. மூலையோடு, தட்டையான முகத்தோடு, ஒரு நொடி பளிச்சென்று. நான் பார்த்த சுரங்கம் அவ்வளவுதான். அதையும் எடுத்துக்கொண்டு போகவா என்று நீ கேட்டாய், தெரியாமல். அதனால் பொய் சொன்னேன்.

இப்போது உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உன் அப்பாவிடம் சொன்னேன், ஒருவர்தான் போகலாமாம், நீங்கள் போகிறீர்களா என்று. "நா ஏற்கெனவே பாத்ததுதானே. இருட்டு. நீ போ" என்றார். பிறகு டிவி சத்தத்தைக் குறைத்து, "போகாம இருந்துடாத" என்றார்.

போக வேண்டாம் என்றுதான் நான்கு நாளாக முடிவு செய்து வைத்திருந்தேன். காரணம் சொல்கிறேன். நான் போக விரும்பிய விதம் இதுவல்ல. தலையில் "விசிட்டர்" என்று எழுதிய ஹெல்மெட். யாருடைய அம்மா என்று ஒருவர் கேட்க, ஷெரினுடைய அம்மா என்று இன்னொருவர் சொல்வார். நீ உன் சக ஊழியர்கள் முன்னால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தும்மா, வழுக்கும்" என்பாய். எனக்கு அர்த்தம் தெரிந்த ஒவ்வொரு பெயரையும் எனக்கு விளக்குவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து எந்தப் பக்கம் விளக்கைத் திருப்புவது என்று யோசித்துக்கொண்டு போன அந்தப் பெண்ணை யாரும் கூட்டிப் போகப் போவதில்லை. அவளுக்குப் பதிலாக மூட்டுவலிக்காரி ஒருத்தி, அவள் மகளின் தயவில். இதை நினைக்கும்போது போகாமலிருப்பது கௌரவமாகத் தெரிந்தது. கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோதும் "எனக்கொன்றும் அவ்வளவு ஆசையில்லை" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நேற்று ரயில்வே கேட்டில் நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு என்னைக் கேன்டீனில் உட்கார வைத்தது ஒரு சட்டமும் ஒரு பேராசிரியரும். இப்போது சட்டம் இல்லை, பேராசிரியர் இல்லை. நாற்காலியை இழுத்துப் போடுவது நான்தான்.

அதனால் வருகிறேன். பொறாமை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன், ஹெல்மெட் அதற்கும் சேர்த்து ஒன்று போதும். சில விஷயங்கள் மட்டும். கீழே எனக்கு எதையும் விளக்காதே. முழங்கையைப் பிடிக்காதே, விழுந்தால் எழுந்துகொள்வேன். அந்தச் சுவரிடம் கூட்டிப் போய் நிறுத்திவிட்டு, உன் விளக்கை வேறு பக்கம் திருப்பிக்கொள். நான் என் விளக்கில் பார்க்கிறேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. லென்ஸை எடுத்து வருவேன், ஆனால் உனக்குத் தருவதற்காக இல்லை. அது எனக்கு வேண்டும். பார்க்க ஆசையாக இருந்தால் என் பின்னால் நின்று கேள், நான் பார்த்து முடித்ததும் தருகிறேன், திருப்பித் தர வேண்டும். உன் சம்பளத்தில் உனக்கென்று ஒன்று வாங்கிக்கொள். தாயிடமிருந்து வாங்கிய கண்ணாடி வழியாகப் பார்த்தால் தாய் பார்க்காததை நீ எப்படிப் பார்ப்பாய்?

உனக்குச் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். கூரையைக் கம்பியால் தட்டி ஓசையைக் கேட்டுப் பார்க்காமல் அதன் அடியில் நிற்காதே. வெறுமையான ஓசை வந்தால் விலகு. நான் படித்தது அது, நீ செய்து பார்ப்பது. இன்ஹேலரை அறையில் வைத்துவிட்டுப் போகாதே. சாப்பிடும் முன் கையைக் கழுவு. உன் சொற்களை யாராவது திருத்தினால், அது நானாகவே இருந்தாலும், சரியான பெயரையும் கற்றுக்கொள், உன்னுடையதையும் விடாதே. உனக்குப் பிள்ளை பிறந்து அதன் மேல் ஒருநாள் உனக்கு இப்படி வந்தால் பயந்துவிடாதே, ஆனால் குக்கர் மேல் பழி போடாதே. சொல்லிவிடு. இந்தக் கடிதத்தில் பொறாமைதான் நிறைய இருக்கிறது, தெரியும். கூம்பை நான்காகக் கீறும்போது எந்தப் பங்கு கையில் நிற்கிறதோ அதைத்தான் எழுதியிருக்கிறேன். எங்கள் தொழிலின் நம்பிக்கைப்படி ஒரு பிடி முழுச் சரக்குக்கும் சாட்சி. இந்த ஒரு தடவை அந்த நம்பிக்கை தப்பு. ஒதுக்கி வைத்த பங்குகளில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும். உன் நெஞ்சின் மேல் கை வைத்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தவளும் நான்தானே.

அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது வாயில் எந்தப் பெயர் வருகிறது என்று பார்க்க வேண்டும். கலீனா என்றுதான் வரும். பழகிய வாய். வேறு ஏதாவது வந்தால் உன்னிடம் சொல்வேனா என்று இப்போதே சொல்ல முடியாது.

இதுவரை எழுதிவிட்டு, என் பெயரைக் கொடுத்துவிடு என்று உனக்கு ஒரு வரி அனுப்பினேன். பிறகு எம்.சி. ரோடு வரை நடந்துபோய், கனமான அடியும் இரும்பு மூக்கும் வைத்த கறுப்பு ஷூ கேட்டேன். "பையனுக்காம்மா? அளவு தெரியுமா?" என்றார் கடைக்காரர். எனக்கு என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு காலிலும் போட்டுக் கட்டி, கடைக்குள்ளேயே இங்கும் அங்கும் நடந்து பார்த்து, வாங்கி வந்தேன்.